பேயரா, பாயரா? ஆங்கிலம் வழியே வந்த ஜெர்மன் குடும்பப் பெயர்களைத் தமிழில் எழுதும் வழிகள்

மொழிபெயர்ப்பிலும் மெய்ப்புத் திருத்தத்திலும் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆஸ்பிரின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயரைத் தமிழில் 'பேயர்' என்று எழுதுவதா, 'பாயர்' என்று எழுதுவதா? ஆங்கிலம் பேசுவோர் 'பேயர்' என்கிறார்கள். 1863இல் பார்மென் நகரில் சாயத் தொழிலைத் தொடங்கிய ஃபிரீட்ரிக் பாயரின் குடும்பத்தில் அந்தப் பெயர் 'பாயர்' என்றே ஒலித்தது. போர்ஷ் – போர்ஷே (கார்), பாஷ் – பொஷ் (துளையிடும் கருவி), பிரான் – பிரௌன் (சவரக் கருவி) என்று இந்தத் தடுமாற்றம் நீண்டுகொண்டே போகிறது. இவை எல்லாம் ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் பெயராக மட்டுமே இருந்தவை. பிறகு பெட்டியின் மேலும் வண்டியின் முகப்பிலும் ஏறி, ஆங்கிலம் பேசுவோரின் வாயில் உருமாறி, பெரும்பாலும் அந்த உருவத்திலேயே நம்மிடம் வந்து சேர்ந்தவை.

இந்தக் கேள்வி எனக்குத் தைத்தது ஒரு பிழையால். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் வரலாற்று நூலின் தமிழாக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்தேன். மூன்றாம் இயலில் மனிதர் 'பாயர்' என்றும், ஏழாம் இயலில் நிறுவனம் 'பேயர்' என்றும் இருந்ததை நான் கவனிக்கத் தவறினேன். பெயரடைவில் இரண்டும் தனித்தனிப் பக்க எண்களோடு இரண்டு பதிவுகளாக அச்சேறின. நூலைப் படித்த கல்லூரி மாணவி ஒருவர், இந்த இருவரும் உறவினரா என்று கேட்டு எழுதியிருந்தார். அவர் கவனமாகப் படித்திருக்கிறார். கவனமாகப் படித்ததாலேயே தவறான முடிவுக்கு வந்திருக்கிறார். அன்றிலிருந்து இத்தகைய பெயர் எதையும் ஒரு வழிமுறை இல்லாமல் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். நம் முன் உள்ள வழிகள் நான்கு.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், வாசகர் அந்தப் பெயரை அடையாளம் கண்டுகொள்வாரா என்பது. வணிகப் பெயர் என்பது கடையில் கேட்டு வாங்குவதற்கும், தேடிக் கண்டுபிடிப்பதற்கும் உரியது. காதில் விழும் பெயரும் கண்ணில் படும் பெயரும் வேறுவேறாக இருந்தால், அது பெயருக்குரிய வேலையைச் செய்யவில்லை.

இரண்டாவது, தமிழ் எழுத்தும் இலக்கணமும் அந்த ஒலியைத் தாங்குமா என்பது. புள்ளி வைத்த எழுத்துகள் சொல் முதலில் நெருக்கி நின்றால் வாசகர் தடுக்கி விழுவார். வேற்றுமை உருபையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 'போர்ஷ்' என்று எழுதினால் அடுத்த வரியிலேயே அது 'போர்ஷை', 'போர்ஷில்' என்று திரியும். மூலப்பெயர் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க இயலாது. 'போர்ஷேயை', 'போர்ஷேயில்' என்னும்போது பெயர் முழுதாகவே தெரிகிறது. கட்டுரை முழுவதும் உருபேற்றுக்கொண்டே வரும் பெயருக்கு இது சிறிய விஷயம் ஆகாது.

மூன்றாவது, எழுதிய வடிவம் ஏற்கெனவே உள்ள தமிழ்ச் சொல்லோடு மோதுகிறதா என்பது. 'பேயர்' என்பது பழைய தமிழில் பித்தரைக் குறிக்கும் சொல். சூப் பொட்டலத்தின் மேலுள்ள 'க்னோர்' என்ற ஜெர்மன் பெயரை ஆங்கில ஒலிப்படி 'நார்' என்று எழுதினால் வாழைநார் நினைவுக்கு வரும். 'ஆடி' என்ற கார் இருக்கிறதே, 'ஆடியில் புதிய வண்டி' என்று தலைப்பு வைத்தால் மாதமா நிறுவனமா என்று யாருக்குத் தெரியும்?

நான்காவது, பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதரும் பொருளும் வாசகர் கண்ணுக்குத் தெரிகிறார்களா என்பது. ஐந்தாவது, இன்று ஒரு பெயருக்கு எடுத்த முடிவு நாளை வரும் பெயருக்கும் வழிகாட்டுமா, அல்லது ஒவ்வொரு பெயருக்கும் புதிதாக வாதாட வேண்டுமா என்பது.

இந்த ஐந்தில் முதலாவதற்கும் நான்காவதற்கும் நான் கூடுதல் எடை தருகிறேன். இவை வணிகப் பெயர்கள் என்பதால் முதலாவது முக்கியம். குடும்பப் பெயர்கள் என்பதால் நான்காவது முக்கியம்.

## முதல் வழி: ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றுவது

பெரும்பாலான நாளிதழ்கள் கைக்கொள்ளும் வழி இதுதான். செய்தி ஆங்கிலத்தில் வருகிறது, விளம்பரக் குரல் ஆங்கில ஒலிப்பில் பேசுகிறது, கடைக்காரரும் அப்படியே சொல்கிறார். பூச்சிமருந்துக் கடையில் போய் 'பாயர்' என்று கேட்டால் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கும். முதல் அளவுகோலில் இந்த வழி முன்னால் நிற்கிறது.

இதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. சில குடும்பங்கள் தாமாகவே பெயரை மாற்றிக்கொண்டன. 1797இல் வுல்ஃப்ஸ்ஹாகன் என்ற ஊரில் பிறந்த ஹைன்ரிக் ஷ்டைன்வேக், 1850இல் அமெரிக்காவுக்குக் குடியேறி, 1853இல் நியூயார்க்கில் பியானோ நிறுவனம் தொடங்கியபோது அதற்கு ஸ்டைன்வே என்று பெயர் வைத்தார். பாதை என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை, அதே பொருளுடைய ஆங்கிலச் சொல்லால் மாற்றினார்கள். அந்தப் பியானோவை இன்று 'ஷ்டைன்வேக்' என்று எழுதுவது, குடும்பமே எடுத்த முடிவை நாம் மறுப்பதாகும். போயிங் நிறுவனமும் அத்தகையதே. வில்லியம் போயிங் 1881இல் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். தந்தையின் ஜெர்மன் பெயரில் இருந்த உயிரொலி ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. சீமென்ஸ் சகோதரர்களில் ஒருவரான வில்லியம், இங்கிலாந்தில் குடியேறி 1859இல் அந்நாட்டுக் குடிமகனாகி, 1883இல் சர் பட்டமும் பெற்றார். அவர் காலத்திலேயே அந்தப் பெயர் லண்டனில் ஆங்கில ஒலிப்பில் புழங்கத் தொடங்கிவிட்டது.

மறைந்திருக்கும் செலவுகள் இனிமேல்தான். ஆங்கில ஒலிப்பு என்று ஒன்று இல்லை என்பது அவற்றில் பெரியது. அடிடாஸை பிரிட்டனில் முதலசையை அழுத்தியும் அமெரிக்காவில் இரண்டாம் அசையை அழுத்தியும் சொல்கிறார்கள். போர்ஷேயை ஓரசையாகச் சொல்பவரும் உண்டு, ஈரசையாகச் சொல்பவரும் உண்டு. நெஸ்லேயைப் பிரிட்டனில் ஒரு தலைமுறை 'நெஸல்' என்று சொல்லி வளர்ந்தது. யாருடைய ஆங்கிலத்தைப் பின்பற்றுவது என்ற கேள்விக்கு இந்த வழியில் விடை இல்லை.

அடுத்த செலவு, பிறர் தவறாகப் படித்ததை நாம் இறக்குமதி செய்துகொள்வது. ரோட்ஷில்ட் என்ற வங்கிக் குடும்பத்தின் பெயருக்குச் சிவப்புக் கேடயம் என்று பொருள். ஃபிராங்க்ஃபர்ட் நகரில் முன்னோர் வீட்டில் இருந்த அடையாளத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதைத் தவறான இடத்தில் பிரித்துப் படித்ததால் 'ராத்ஸ்சைல்ட்' ஆயிற்று. கேடயம் மறைந்து குழந்தை வந்துவிட்டது. நாமும் அவ்வாறே எழுதினால், பெயர்க்காரணத்தைச் சொல்லும் பத்தி வரும்போது தமிழ் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

மூன்றாவது செலவு, ஒரே பெயர் இரண்டாகப் பிளப்பது. மார்க்கோனியுடன் 1909இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இயற்பியலாளரைத் தமிழில் 'பிரௌன்' என்றே எழுதுகிறோம். ராக்கெட் பொறியியலாளரையும் அப்படியே. 1921இல் மாக்ஸ் பிரௌன் தொடங்கிய நிறுவனத்தின் சவரக் கருவியை மட்டும் ஆங்கில ஒலிப்படி 'பிரான்' என்றால், மூவருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பது மறைந்துபோகும்.

எப்போது ஏற்றது: அன்றாடச் செய்தி, விளம்பரம், பயன்படுத்தும் முறைக் குறிப்பு, ஒலியோடு சேர்ந்து வரும் துணைத்தலைப்பு, குடும்பமே ஆங்கில வடிவத்தைத் தேர்ந்தெடுத்த பெயர்கள்.

## இரண்டாம் வழி: ஜெர்மன் ஒலிப்பைப் பின்பற்றுவது

என் மனம் இயல்பாகச் சாய்வது இந்தப் பக்கம். இதற்குத் தமிழிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 'நீட்ஷே' என்று எழுதப் பழகிய மொழிக்குப் 'போர்ஷே' எந்த வகையில் கடினம்? 'கதே' என்ற பெயரை அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து நாம் படிக்கவில்லை. தத்துவத்திலும் கவிதையிலும் மனிதரின் மொழிக்குக் கொடுத்த மதிப்பை, தொழில் தொடங்கியவர்களுக்கும் கொடுப்பது முறையானதே.

பெயரின் பொருள் இந்த வழியில்தான் திறக்கிறது. பாயர் என்றால் பவேரியாவைச் சேர்ந்தவர். பிரௌன் என்றால் பழுப்பு. ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1814இல் பிறந்த ஹைன்ரிக் நெஸ்லே, சுவிட்சர்லாந்தின் வெவே நகருக்குப் போய்ப் பெயரைப் பிரெஞ்சு முறைக்கு மாற்றிக்கொண்டார். ஆனால் அந்தப் பெயருக்கு அவருடைய முன்னோரின் வட்டார வழக்கில் சிறு கூடு என்று பொருள். பால்மாவு டப்பாவில் தாய்ப்பறவை குஞ்சுகளோடு இருக்கும் கூட்டுப் படம் அந்தக் குடும்பப் பெயரின் படமே என்பதை, பெயரின் ஜெர்மன் வேரை அறிந்தவர் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார். ஆங்கில ஒலிப்பில் 'ஆடி' ஆகிவிடும் அவுடி காரின் கதை இன்னும் நெருக்கமானது. தாம் தொடங்கிய நிறுவனத்தை விட்டு 1909இல் விலகிய ஆகுஸ்ட் ஹார்க், புதிய நிறுவனத்துக்குத் தம் பெயரையே வைக்க முடியாமல் நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய குடும்பப் பெயருக்கு ஜெர்மனில் 'கேள்' என்று பொருள். அதை இலத்தீனில் பெயர்த்தால் கிடைப்பது அவுடி. ஜெர்மன் ஒலிப்பில் எழுதும்போது ஆடி மாதத்தோடு மோதலும் இல்லை.

எதிர்பாராத ஓர் ஆதாயம் இலங்கைத் தமிழில் இருக்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர், காலேஜ், போலீஸ் என்று எழுதும் இடங்களில் இலங்கையில் டொக்டர், கொலிஜ், பொலிஸ் என்று எழுதுவது மரபு. 1886இல் ஷ்டுட்கார்ட் நகரில் பட்டறை தொடங்கிய ராபர்ட்டின் குடும்பப் பெயரை அந்த மரபுப்படி எழுதினால் 'பொஷ்' என்று வரும். ஜெர்மானியர் சொல்வதும் அதுவே. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தை 'ரொய்ட்டர்ஸ்' என்று எழுதும் இலங்கை வழக்கும், 1816இல் காசல் நகரில் பிறந்த அதன் நிறுவனரின் பெயர் ஜெர்மனில் ஒலிக்கும் விதத்துக்கு மிக அருகில் நிற்கிறது. ஜெர்மனியில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாயரும் போர்ஷேயும் தெருவில் கேட்கும் ஒலிகள். அவர்களும் நம் வாசகர்கள்தாம்.

ஆனால் இந்த வழியின் செலவும் சிறிதன்று. சீமென்ஸின் முதலெழுத்து ஜெர்மனில் அதிர்வோடு ஒலிக்கும். அந்த அதிர்வைத் தமிழில் காட்ட எழுத்து இல்லை. 'ஸீமென்ஸ்' என்றாலும் அது வராது, 'ஜீமென்ஸ்' என்றால் வேறெங்கோ போய்விடும். பென்ட்ஸ், ட்ஸைஸ், ஷ்டீல், க்னோர் என்று எழுதிப் பார்த்தால் புள்ளிகள் நெருக்குகின்றன. சொல்லின் இறுதியில் குறில் எகரம் நம் மொழியில் நிற்பதில்லை என்பதால் 'போர்ஷெ', 'மீலெ' ஆகியவற்றை வாசகர் தாமே நெடிலாக்கிப் படிப்பார். எனவே முதலிலேயே 'போர்ஷே', 'மீலே' என்று எழுதுவதே நேர்மை. அப்படி எழுதியதும் இது முழு ஜெர்மன் ஒலிப்பு என்று உரிமை கொண்டாட முடியாது.

உழைப்பும் செலவுதான். எழுத்தைப் பார்த்து ஒலிப்பை ஊகிக்க இயலாத பழைய குடும்பப் பெயர்கள் ஜெர்மனில் ஏராளம். ஒவ்வொன்றையும் தாய்மொழியாளர் சொல்லக் கேட்டே எழுத வேண்டும். சில இடங்களில் ஜெர்மானியரே கைவிட்ட ஒலிப்பை நாம் தூக்கிப் பிடிப்போம். லூட்விக்ஸ்பர்க் நகரிலிருந்து போன சார்லஸ் ஃபைசர் 1849இல் புரூக்ளினில் தொடங்கிய நிறுவனத்தை ஜெர்மன் முறையில் 'ப்ஃபிட்ஸர்' என்று எழுதலாம். ஆனால் இன்று ஜெர்மானியரும் அந்த நிறுவனத்தை ஃபைசர் என்றே சொல்கிறார்கள். கால்பந்துப் பக்கம் இன்னொரு சங்கடம்: 'பாயர் லெவர்குசன்' என்று திருத்தினால் 'பேயர்ன்' என்று எழுதிவந்த மியூனிக் அணியையும் 'பாயர்ன்' என்று திருத்தியாக வேண்டும். ஒன்றைத் தொட்டால் பத்தைத் தொட வேண்டியிருக்கும்.

எப்போது ஏற்றது: வாழ்க்கை வரலாறு, தொழில் வரலாறு, அறிவியல் வரலாறு, பெயரின் பொருளை விளக்கும் எழுத்து, ஜெர்மன் மூலத்திலிருந்து நேரடியாகச் செய்யும் மொழிபெயர்ப்பு.

## மூன்றாம் வழி: கிரந்தம் தவிர்த்துத் தமிழ் ஒலிமரபுக்கு மாற்றுவது

வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொள்ளும் நெறி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அந்த நெறியை நீட்டிப் பென்சு, சீமென்சு, போர்சே என்று எழுதுவோர் இன்றும் உண்டு. உருபேற்பதில் இந்த வடிவங்களுக்கு நிகர் இல்லை. 'பென்சை', 'பென்சில்' என்பதில் உள்ள ஒரு குழப்பத்தைத் தவிர. எழுதுகோலையும் வண்டியையும் ஒரே எழுத்துக்கூட்டலில் படிக்க நேரும்.

ஓப்பல், போயிங், டைம்லர் போன்ற பெயர்களில் தவிர்க்கக் கிரந்தமே இல்லை என்பதால் சிக்கலும் இல்லை. ஷகரம் வரும் பெயர்களில்தான் இழப்பு. 'பாசு' என்று எழுதினால் துளையிடும் கருவி நினைவுக்கு வராது. 1846இல் யேனா நகரில் கார்ல் ஸைஸ் தொடங்கிய கண்ணாடிவில்லை நிறுவனத்தைச் 'சைசு' என்றால், மூக்குக்கண்ணாடிக் கடையில் அளவைக் கேட்கிறார் என்றே நினைப்பார்கள்.

எப்போது ஏற்றது: தூய தமிழ் நடையைக் கொள்கையாகக் கொண்ட இதழ், சிறுவர் நூல், அதுவும் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே சீராகச் செய்தால் மட்டுமே.

## நான்காம் வழி: நிலைத்துவிட்ட வழக்கை ஏற்பது

1858இல் பாரிசில் பிறந்த ருடால்ஃப் டீசலின் குடும்பப் பெயர் இன்று நமக்குப் பெட்ரோல் பங்கில் விற்கும் எண்ணெய். யாரும் அதைத் திருத்த முன்வர மாட்டார்கள், முன்வரவும் கூடாது. பென்ஸும் அப்படித்தான். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற வண்டியின் வழிவந்ததை ஜெர்மனில் 'பென்ட்ஸ்' என்பார்கள். ஆனால் 'பென்ஸ் கார்' என்பது தமிழ்ப் பேச்சில் வசதிக்கே அடையாளமாகிவிட்ட தொடர். 1761இல் நூரெம்பெர்க் அருகே தொடங்கிய பென்சில் குடும்பத்தின் பெயரை ஜெர்மானியர் 'ஃபாபர்' என்றாலும், பள்ளிப் பெட்டிக்குள் இருப்பது 'ஃபேபர்' பென்சில்தான்.

இந்த வழியின் செலவு, வழக்கு எப்போது நிலைத்தது என்று யார் முடிவு செய்வது என்பதில் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ஃபைசர், ஃபைஸர், பைசர் என்ற மூன்று வடிவங்களும் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டன. வழக்கு இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் மறக்கலாகாது. பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008இல்தான் தாய் நிறுவனத்தின் குடும்பப் பெயருக்கு மாறியது. அதுவரை பழுதுபார்க்கும் கடைகளில் மைக்கோ என்று சொல்லிவந்த தலைமுறைக்கு 'பாஷ்' அண்மையில் வந்த பெயரே.

எப்போது ஏற்றது: பெயர் பொதுச்சொல்லாகவோ அன்றாடத் தொடராகவோ ஆகிவிட்ட இடங்கள்.

## ஒரே பார்வையில்

| ஆங்கில வழி | ஜெர்மன் வழி | கிரந்தம் தவிர்த்தது | என் தேர்வு |
|---|---|---|---|
| பேயர் | பாயர் | பேயர் | நிறுவனத்துக்குப் பேயர், மனிதருக்குப் பாயர் |
| போர்ஷ் | போர்ஷெ | போர்சே | இரண்டுக்கும் போர்ஷே |
| பாஷ் | பொஷ் | பாசு | தமிழ்நாட்டு வாசகருக்குப் பாஷ், இலங்கை வாசகருக்குப் பொஷ் |
| பிரான் | பிரௌன் | பிரௌன் | பிரௌன் |
| சீமென்ஸ் | ஸீமென்ஸ் | சீமென்சு | சீமென்ஸ் |
| ஃபைசர் | ப்ஃபிட்ஸர் | பைசர் | ஃபைசர் |
| பென்ஸ் | பென்ட்ஸ் | பென்சு | பென்ஸ் |
| நார் | க்னோர் | நோர் | நோர் |
| ஆடி | அவுடி | அவுடி | அவுடி |

போர்ஷேக்கு மட்டும் நான் வளைந்து கொடுப்பதில்லை. 1931இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஆங்கிலம் பேசுவோரிடமும் ஈரசை ஒலிப்பையே சரியென்று சொல்லிவருகிறது, நெடிலில் முடிவது தமிழ் உருபுகளுக்கும் இசைவாக இருக்கிறது, நீட்ஷே வழிகாட்டியிருக்கிறார். அளவுகோல்கள் இவ்வளவு ஒத்துப்போகும் பெயர் வேறில்லை.

## எந்த வேலைக்கு எந்த வழி

நாளிதழில் இருப்பவர் முதல் வழியையும் நான்காம் வழியையும் சேர்த்துக் கைக்கொண்டு, மோதும் சொற்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். நூல் எழுதுபவருக்கு நான் சொல்வது வேறு. மனிதரை அவர் வீட்டில் ஒலித்தபடியும் பொருளை வாங்குவோர் வாயில் ஒலிக்கிறபடியும் எழுதுங்கள். இரண்டும் வேறுபடும்போது, முதன்முறை வரும் இடத்தில் ஒரு வாக்கியத்தால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். 'ஃபிரீட்ரிக் பாயர் தொடங்கிய நிறுவனமே இன்று ஆங்கில ஒலிப்பில் பேயர் என்று அறியப்படுகிறது' என்ற ஒரு வரி போதும். எழுதத் தொடங்கும் முன்பே பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர் ஆகிய மூவரும் அதை மேசையில் வைத்துக்கொள்வது பின்னால் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

ஆஸ்பிரின் மாத்திரையின் மேல் அந்தப் பெயர் குறுக்கே ஒரு முறையும் மேலிருந்து கீழாக ஒரு முறையும் எழுதப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்தில் ஐந்தாக உள்ள அந்தப் பெயரின் நடு எழுத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். 1918இல் அமெரிக்காவில் ஏலம் போன அந்தப் பெயரை மீட்க நிறுவனத்துக்கு 1994 வரை ஆயிற்று. நான் பிழைவிட்ட நூலின் அடுத்த பதிப்புக்குப் பெயரடைவைத் திருத்தியபோது, அந்த மாத்திரை அட்டையை மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். நிறுவனத்தின் பதிவில் பக்க எண்களுக்குப் பின் 'நிறுவனர்: பாயர், ஃபிரீட்ரிக்' என்றும், மனிதரின் பதிவில் 'நிறுவனத்துக்குக் காண்க: பேயர்' என்றும் சேர்த்தேன். அந்த மாணவிக்கும் ஒரு படி அனுப்பிவைத்தோம்.